மிளகின் முதுகுக் கட்டியும் நான் சொன்ன பொய்யும்

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் நான் வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று பல பேர் போன் செய்து கேட்டீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. எடப்புளி நாட்டில் மிளகு பறிப்பு முடிந்து களத்தில் காய்கிறது, காலையில் இன்னும் குளிர் விடவில்லை, முழங்கால் வலி போன வருடம் போலவே இருக்கிறது. எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி வந்து படியுங்கள்.

போன சித்திரை மாதக் கடைசியில் மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது ஒரு கம்பிக் கூண்டும் கொண்டு வந்தாள். உள்ளே இரண்டு கினிப் பன்றிகள். சீமைப் பெருச்சாளி என்று பழைய புத்தகங்களில் போட்டிருப்பார்களே, அதுதான். வாலும் கிடையாது, பன்றியும் கிடையாது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்கள் பல ஆயிரம் வருடமாக வளர்க்கும் பிராணி. பேத்தி ஆறாம் வகுப்பு போகிறாள். அடுக்குமாடி வீட்டில் சின்னவனுக்குத் தும்மல் நிற்கவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "கொஞ்ச நாள் நீங்க வச்சுக்கோங்க அம்மாயி, நான் லீவுக்கு லீவு வந்து பாத்துக்கிறேன்" என்று அழுதுகொண்டே கொடுத்தாள். இரண்டும் பெட்டை. உடம்பெல்லாம் கறுப்பாக இருந்ததற்கு மிளகு என்றும், வெளிர் பழுப்பாக இருந்ததற்குச் சாமை என்றும் இங்கே வந்த பிறகு அவளே பெயர் வைத்தாள்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். "முயல் குட்டியா டீச்சர்?" என்றார்கள். மேல்வீட்டுப் பெரியம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, "கறி வைச்சா ரெண்டு பேருக்கு வரும் போல இருக்கே" என்றார். பேத்தி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் பெரியம்மா சொன்னதில் தப்பில்லை. பெரு நாட்டிலும் ஈக்வடாரிலும் நாம் கோழி வளர்ப்பது போல இதை வீட்டில் வளர்த்து விருந்துக்குச் சமைக்கிறார்கள். அதை அன்றைக்கு நான் வாயைத் திறந்து சொல்லவில்லை.

ஆடி மாதம் பிறந்து இரண்டாவது வாரம். சாமை தின்பது குறைந்த மாதிரி இருந்தது. தூக்கிப் பார்த்தேன். தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கமாக, ஒரு சுண்டைக்காய் அளவுக்குக் கட்டி. தொட்டால் உருளவில்லை, கொஞ்சம் சூடாக இருந்தது. நம் ஊரில் கட்டி வந்தால் என்ன செய்வோம்? மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டேன். பின்னங்காலால் தேய்த்து, அந்தக் காலை நக்கியே எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டது. மூன்றாம் நாள் கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது.

கீழே கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆடி பதினேழு, பதினெட்டு இரண்டு நாளும் இங்கே எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செம்மேட்டில் வல்வில் ஓரி விழா, அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டம், காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி வரிசை. ஓர் எலிக்காக இந்த நெரிசலில் இறங்குவதா என்று நினைத்தேன். எழுதும்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் "எலி" என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் ஒரு மருந்து இருந்தது. மே மாதம் பேத்திக்குக் காது வலி வந்தபோது அமாக்ஸிசிலின் சிரப் இரண்டு பாட்டில் வாங்கினோம். ஒன்று தீர்ந்தது. இன்னொன்று தண்ணீர் கலக்காத பொடியாகவே அலமாரியில் நின்றது. தேதியும் தாண்டவில்லை. குழந்தைக்கே கொடுக்கிற மருந்து, இத்தனூண்டு பிராணிக்கு எடைக்குத் தக்கபடி சொட்டுக் கணக்கில் கொடுத்தால் என்ன ஆகிவிடும்? முப்பது வருடம் அறிவியல் நடத்தியவள் அல்லவா, விகிதக் கணக்கு தெரியாதா! காகிதத்தில் கணக்குப் போட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, ஆடி பதினேழாம் தேதி காலையும் மாலையும் கொடுத்தேன். அடுத்த நாளும் கொடுத்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பதினெட்டாம் தேதி இரவே கழிச்சல் ஆரம்பித்தது. கினிப் பன்றியின் புழுக்கை காய்ந்த அவரை விதை மாதிரி கெட்டியாக இருக்கும். அன்றைக்குத் தண்ணீராகப் போயிற்று. மருந்து போதவில்லை என்று நினைத்து அடுத்த நாளும் கொடுத்தேன் பாருங்கள், அதுதான் என்னை இன்னும் தூங்க விடாத விஷயம். பிறகு அது எதையும் தொடவில்லை. மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உடம்பு சில்லென்று ஆகிவிட்டது. ஆடி இருபத்தொன்று விடியற்காலை நான் பார்க்கும்போது போய்விட்டது. கூண்டுக்குள் மிளகு அதன் பக்கத்தில் படுத்திருந்தது.

பலா மரத்தடியில் புதைத்தோம். பேத்திக்குப் போன் செய்தேன். "வயசாயிடுச்சும்மா, கட்டி வந்துச்சு, அம்மாயி மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தேன்" என்றேன். அவள் அழுதாள். பிறகு, "மருந்து கொடுத்தீங்கல்ல அம்மாயி, தேங்க்ஸ்" என்றாள்.

உண்மையில் அப்போது எனக்கும் தெரியாது, நான்தான் கொன்றேன் என்று. ஆனால் "வயசாயிடுச்சு" என்பது தெரிந்தே சொன்ன பொய். சாமைக்கு இரண்டு வயதுகூட முழுதாக ஆகவில்லை. இவை ஐந்து முதல் ஏழெட்டு வருடம் வாழும் பிராணி.

இப்போது தை மாதத்துக்கு வருகிறேன். பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். மிளகைத் தடவிக்கொண்டிருந்தபோது முதுகின் கடைசியில், இடுப்புக்குச் சற்று மேலே, தோலுக்கடியில் ஒரு கட்டி கையில் பட்டது. வீடியோ காலில் இருந்த பேத்தியும் பார்த்துவிட்டாள். "அம்மாயி, சாமைக்குக் கொடுத்தீங்கல்ல, அந்த மருந்தையே உடனே கொடுங்க. அதுக்கு லேட்டாக் கொடுத்ததாலதான் போயிடுச்சு. இதுக்கு இப்பவே ஆரம்பிச்சிடுங்க" என்றாள்.

இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை. என் பழைய மாணவன் ஒருவன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து இப்போது வேறு மாவட்டத்தில் டாக்டராக இருக்கிறான். "பேரு, ஊரு எதுவும் போட்டுடாதீங்க டீச்சர்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான், அதனால் போடவில்லை. அவன் கூடப் படித்தவர்கள் யூகித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் தவளை அறுக்கும்போது மயங்கி விழுந்தவன்.

போனில் எல்லாவற்றையும் சொன்னேன். சாமைக்குக் கொடுத்த மருந்தின் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு மெதுவாக, "டீச்சர், கினிப் பன்றிக்குப் பெனிசிலின் வகை ஆகாதுங்க" என்றான்.

அவன் விளக்கியதை என் சொந்த வார்த்தையில் எழுதுகிறேன், வளர்ப்பவர்களுக்கு உதவும். இந்தப் பிராணி புல்லைத் தின்று, அதைப் பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கும் பெரிய பையில் கிருமிகளைக் கொண்டு நொதிக்க வைத்துத்தான் சத்தெடுக்கிறது. அங்கே இருக்கும் நல்ல கிருமிகளில் பெரும்பகுதி பெனிசிலின் குடும்பத்துக்கு உடனே சாகும் வகை. அவை செத்ததும் அதுவரை அடங்கிக் கிடந்த க்ளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகி நஞ்சைக் கக்குகிறது. கழிச்சல், உடம்பு சில்லிடுதல், சில நாளில் சாவு. பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின் எல்லாம் இந்தப் பட்டியலில் வருகிறது. ஊசியாகப் போட்டாலும் ஆபத்துதான். புண்ணுக்குப் போடும் சில களிம்புகளைக்கூட நக்கிவிட்டால் இதே கதை. அதற்கென்று பாதுகாப்பான வேறு மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து டாக்டர்தான் கொடுக்க வேண்டும்.

பெனிசிலின் பாடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? 1928, அலெக்சாண்டர் ஃப்ளெமிங், பூஞ்சை விழுந்த தட்டு. அதோடு நான் பாடத்தை முடித்துவிடுவேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கதை. 1940 மே 25-ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி குழுவினர் எட்டு எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஏற்றி, நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். மருந்து கிடைக்காத நான்கும் மறுநாள் விடிவதற்குள் செத்தன. கிடைத்தவை பிழைத்தன. அந்த எட்டும் சுண்டெலிகள். அவர்கள் அன்றைக்குக் கினிப் பன்றியை எடுத்திருந்தால், மருந்தே விஷம் என்று மூடி வைத்திருக்கக்கூடும். கினிப் பன்றிக்கு அது ஆகாது என்பது 1943-இல்தான் தெரியவந்தது. இத்தனையும் என் வகுப்புக்குப் பக்கத்திலேயே இருந்த விஷயம். நான்தான் பாடப் புத்தகத்தின் பக்கத்தோடு நின்றுவிட்டேன்.

சாமைக்குக் கட்டி ஏன் வந்தது என்றும் கேட்டேன். "என்ன தீனி போட்டீங்க டீச்சர்?" என்றான். அருகம்புல், காரட், கொத்தமல்லி, அப்புறம் பக்கத்துக் காட்டில் அறுத்த தினைத் தாள், கதிரோடு. "தினைக் கதிர்ல சுணை இருக்குமே!" என்றான். நமக்குத் தெரியாததா? கதிரடிக்கும்போது கழுத்தெல்லாம் அரிக்குமே. அந்தச் சுணையோ முரட்டு வைக்கோலோ வாய்க்குள் குத்தினால், வாயிலும் மூக்கிலும் சும்மா குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமி அந்தக் கீறல் வழியாகக் கழுத்து நிணநீர்க் கணுவுக்குப் போய்ச் சீழ் கட்டுமாம். தாடைக்கடியில் வரும் கட்டிக்கு இது பொதுவான காரணங்களில் ஒன்று. பல் வேரில் சீழ் வைத்தாலும் அங்கேதான் வீங்கும். கூண்டில் ஒன்றையொன்று கடித்துக்கொண்டாலும் கடித்த இடத்தில் கட்டும். சாமைக்கு எது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. தினைக் கதிரை நிறுத்திவிட்டேன்.

சீழ்க்கட்டிக்கு வைத்தியம் என்ன என்றால், வெறும் மருந்து போதாது. இவற்றின் சீழ் நம்முடையது போல ஓடாது, கெட்டித் தயிர் மாதிரி இருக்கும். டாக்டர் வாய் திறந்து, வழித்தெடுத்து, உப்பு நீரில் கழுவி, அந்த வாயை மூட விடாமல் வைத்திருக்க வேண்டும். உள்ளிருந்து சதை வளர்ந்து வெளியே வர வேண்டும். மேலே தோல் முதலில் மூடிக்கொண்டால் உள்ளே மறுபடி கட்டும். சில இடங்களில் கட்டியை அதன் உறையோடு முழுசாக எடுத்துவிடுவார்கள். சீழைக் கொஞ்சம் எடுத்து என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்றும் சோதிப்பார்கள். வீட்டில் பிதுக்கவே கூடாது.

மிளகின் முதுகுக் கட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "சூடா இருக்கா? அமுக்கினா கத்துதா? தோலோட சேர்ந்து நகருதா?" என்று கேட்டான். சூடு இல்லை, கத்தவில்லை, தோலோடு நகர்ந்தது. நடுவில் முடி கொட்டிச் சின்னக் கறுப்புப் புள்ளி ஒன்று இருந்தது. "அது சீழ்க்கட்டியா இருக்காது போல இருக்கு டீச்சர். மயிர்க்கால்ல இருந்து வர்ற கட்டியா இருக்கும். முதுகுக் கடைசியில அடிக்கடி வரும், பெரும்பாலும் கெடுதல் இல்லாத வகை. ஆனா போட்டோவைப் பார்த்து முடிவு பண்ண முடியாது, ஊசி போட்டு எடுத்துப் பார்க்கணும். கீழ கொண்டு போங்க" என்றான்.

வைத்தியத்துக்கு நாள் குறித்தாயிற்று. பேத்திக்கு என்ன சொல்வது? அவள் தினமும் கேட்கிறாள், "மருந்து ஆரம்பிச்சாச்சா?" என்று. இன்னொரு பொய் சொன்னால் தீர்ந்துவிடும். ஆனால் அவள் மனதில் அந்த மருந்து நல்ல மருந்து. நாளைக்கு அவளே வளர்ந்து ஒன்றை வளர்ப்பாள், அதற்குக் கட்டி வரும், "எங்க அம்மாயி கொடுத்த மருந்து" என்று கொடுப்பாள். இதை நினைத்து இரண்டு ராத்திரி புரண்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மகளிடமும் சொல்லாமல் நேரே அவளையே கூப்பிட்டேன்.

சொன்னேன். வயதானதால் போகவில்லை, நான் கொடுத்த மருந்தால் போனது, எனக்குத் தெரியாமல் கொடுத்தேன், கேட்காமல் கொடுத்தேன், அப்புறம் உன்னிடம் வயசாயிடுச்சு என்று பொய் சொன்னேன். நான்கே வாக்கியம். நாற்பது நிமிடப் பாடத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு தொண்டை வறண்டதில்லை.

அவள் அழவில்லை. "எனக்கு ரெண்டு வயசுன்னு தெரியும் அம்மாயி. நெட்ல பார்த்தேன், அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கும்னு போட்டிருந்துச்சு. நீங்க சொன்னதால சரின்னு நினைச்சேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள். நான்கு நாள் பேசவில்லை. மகள் என்னைச் சமாதானப்படுத்தினாள், அவள் அப்பா "சின்னப் பிள்ளை, மறந்துடுவா" என்றார். மறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

வைத்தியக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதிகாலையில் கூடையில் துணி விரித்து, புல்லும் போட்டு, வாடகைக் காரில் எழுபது வளைவும் இறங்கினோம். வாந்தி எடுத்தது நான்தான், மிளகு இல்லை. (கினிப் பன்றியால் வாந்தி எடுக்க முடியாதாம். அதனால் நாய், பூனைக்குச் சொல்வது போல அறுவைக்கு முன்னால் ராத்திரி முழுக்கப் பட்டினி போடக் கூடாது. வயிறு காலியாக நின்றால் குடல் இயக்கமே நின்றுவிடும். இதை மாணவன் மூன்று தடவை சொல்லி அனுப்பினான்.) நாமக்கல்லில் டாக்டரம்மா ஊசி போட்டு இழுத்ததும் வெள்ளையாக, குழைத்த சுண்ணாம்பு மாதிரி வந்தது. சீழ் வாடை இல்லை. உறை உடையாமல் பையோடு எடுக்க வேண்டும், பிதுக்கினால் உறை கிழிந்து உள்ளேயே கசிந்து புண்ணாகும், உறை கொஞ்சம் தங்கினாலும் திரும்ப வரும் என்று விளக்கினார். மூக்கில் சின்ன மூடி வைத்து வாயு மயக்கம் கொடுத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து ஒரு சின்னக் கிண்ணத்தில் காட்டினார்கள், வேர்க்கடலையை விடக் கொஞ்சம் பெரிசு. பரிசோதனைக்கு அனுப்பியதில் கெட்ட வகை இல்லை என்று வந்தது. பெட்டைகளுக்கு வயது கூடினால் சூற்பையில் நீர்க்கட்டி வரும், இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டினால் உடனே காட்டுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. மரத்தூளை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி விரித்தேன், தையலில் ஒட்டக் கூடாது. அன்று இரவு தானாகத் தின்னவில்லை. உருண்டைத் தீவனத்தை ஊறவைத்துக் கூழாக்கி, சிரிஞ்சில் வாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தேன். கொய்யாத் துண்டு தினமும். புண் ஆறுவதற்கு வைட்டமின் சி வேண்டும், நம்மைப் போலவே இதற்கும் உடம்பில் அதைத் தயாரிக்கத் தெரியாது. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் தானியம் மட்டும் கொடுத்து வளர்த்த கினிப் பன்றிகளுக்கு ஸ்கர்வி வந்ததைக் கண்ட பிறகுதான் அந்த நோயை ஆராயவே வழி பிறந்தது. கொல்லிமலையில் கொய்யாவுக்குப் பஞ்சமா? தினமும் எடை பார்க்கச் சொன்னார்கள். மிளகு வியாபாரத்துக்கு வைத்திருந்த மின்தராசில்தான் மிளகை நிறுத்தேன். போகும்போது 931 கிராம். மூன்றாம் நாள் 884. வயிற்றில் புளி கரைத்தது.

அன்று மாலை போன் வந்தது. பேத்தி. "வணக்கம்", "நல்லா இருக்கீங்களா" எதுவும் இல்லை. "எடை எவ்வளவு?" என்றாள். சொன்னேன். "நாளைக்கும் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். அடுத்த நாள் 890. "புழுக்கை?" என்றாள். கெட்டியாக இருக்கிறது என்றேன். இப்படியே இரண்டு வாரம், தினமும் மாலை ஆறரைக்கு, கணக்கு வாத்தியார் மாதிரி. ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாளாம். தையல் கரைந்து உதிர்ந்த அன்றைக்குத்தான், "அம்மாயி, சாமையைப் புதைச்ச இடத்துல என்ன இருக்கு?" என்று கேட்டாள். பலா மரத்தடியில் ஒன்றும் வைக்கவில்லை, ஒரு கல் மட்டும் இருக்கிறது என்றேன். கோடை விடுமுறைக்கு வந்து தானே ஏதாவது நடுவதாகச் சொல்லியிருக்கிறாள். என்ன செடி என்று இன்னும் முடிவாகவில்லை.

உங்களில் யார் வீட்டிலாவது இது வளர்ந்தால் வாரம் ஒருமுறை தாடை, அக்குள், முதுகு, வயிறு என்று விரலால் தடவிப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் நான் செய்தது போல அலமாரியைத் திறக்காதீர்கள். இந்தப் பிராணிக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த டாக்டர் உங்கள் பக்கம் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்குப் பயன்படும்.

இந்தப் பதிவைப் பேத்திக்கு அனுப்பி, போடலாமா என்று கேட்ட பிறகுதான் போடுகிறேன். முழுசும் படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் அனுப்பினாள்: "மூணாம் நாள் 884 இல்ல அம்மாயி, 882. நோட்டுல இருக்கு."